பழுதுமேசை: மாமா எந்தக் கேம் பாயைக் கொண்டுவர வேண்டும்?

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மாமா வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருகிறார். நின்டெண்டோ நிறுவனத்தின் கையடக்க விளையாட்டுக் கருவியான பழைய கேம் பாய் ஒன்று கொண்டுவரச் சொன்னேன். அங்கே பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில் 1989 இல் வெளிவந்த சாம்பல்நிறப் பெரியது, பொக்கெற், கலர், மடிக்கும் அட்வான்ஸ் எஸ்பி என நான்கும் இருக்கின்றனவாம். ஒன்றுதான் கொண்டுவருவார். எஸ்பியில் வெளிச்சம் உண்டு, எல்லா விளையாட்டும் ஓடும், அதையே எடு என்கிறார். நான் சேகரிக்கத் தொடங்குவதற்காகவே கேட்கிறேன். 2003 இல் எங்கள் ஊருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பையனின் கையில் சாம்பல்நிறத்தில் ஒன்றைப் பார்த்த நாளிலிருந்து ஆசை. எதைச் சொல்லட்டும்?
வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, அந்தச் சாம்பல்நிறப் பெரியதையே சொல்லுங்கள். அதன் முதுகில் டி.எம்.ஜி-01 என்று எழுதியிருக்கும்.

விளையாடுவதற்கு மட்டும் வாங்குகிறவருக்கு உங்கள் மாமா சொல்வதுதான் சரி. 2003 இல் வந்த எஸ்பி, தனக்குரிய விளையாட்டுக் கேசட்டுகளோடு பழைய கேம் பாய், கலர் இரண்டின் கேசட்டுகளையும் ஏற்றுக்கொள்ளும். மடித்துச் சட்டைப்பையில் போடலாம். சாம்பல்நிறத்தில் விளக்கும் இல்லை, நிறமும் இல்லை. திரையில் 160க்கு 144 புள்ளிகள், பாசிப்பச்சையில் நான்கு சாயல்கள். வேகமாக ஓடும் எதற்கும் பின்னால் நிழல் இழுபடும். இரவில் விளக்கின் கீழே சரித்துப் பிடித்தால்தான் படம் தெரியும்.

இத்தனையும் தெரிந்துதான் சொல்கிறேன். காரணம் பற்றரி.

வன்னியில் என் வயதுக்காரர்களுக்குப் பற்றரியின் அருமையை விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை விதித்த பொருட்களில் அதுவும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலியில் செய்தி கேட்டோம். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து மேலும் சில நிமிடங்கள் கறந்தோம். அந்தக் காலத்தில்தான் நான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். அதனால் எந்தப் பொருளை என் மேசையில் வைத்தாலும், இது எதைத் தின்று உயிர்வாழ்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சாம்பல்நிறம் தின்பது நான்கு பென் டோர்ச் பற்றரிகள். புதுக்குடியிருப்புச் சந்தியிலும் கிடைக்கும், ஒட்டுசுட்டானில் ஒரு பெட்டிக்கடையிலும் கிடைக்கும். நல்ல பற்றரி போட்டால் 15 மணித்தியாலமளவு ஓடும். மறுபடி மின்னேற்றக்கூடிய நிக்கல் வகையைப் போட்டாலும் மறுக்காது. நின்டெண்டோவில் இதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய், பழகிய, மலிவான தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்துவதையே கொள்கையாகக் கொண்டிருந்தவர். விளக்கில்லாத, நிறமில்லாத திரையும் அந்தக் கொள்கையிலிருந்து வந்ததுதான். அதே காலத்தில் நிறத்திரையோடு வந்த போட்டிக் கருவிகள் ஆறு பற்றரிகளைச் சில மணித்தியாலங்களில் குடித்துத் தீர்த்தன.

எஸ்பிக்குள் இருப்பது அதற்கென்றே செய்த தட்டையான லிதியம் பற்றரி, 600 மில்லி அம்பியர் மணி. இன்று ஒருவர் எஸ்பி வாங்கினால் உள்ளே இருப்பது இருபது வயதுப் பற்றரி, அல்லது யாரோ செய்த மாற்றுப் பற்றரி. என் மேசைக்கு வந்த மாற்றுகளில் சில பெயருக்குத்தான் 600. இன்னும் சில, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கிடந்து வீங்கி, மூடியையே தள்ளிக்கொண்டு வந்தன. எஸ்பியை வெறுத்து இதைச் சொல்லவில்லை. சேகரிப்பு என்றால் இருபது வருடங்கள் கழித்தும் உங்கள் பிள்ளை சுவிட்சைத் தட்டினால் அது விழித்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கடைப் பற்றரியில் ஓடுவதுதான் நம்பிக்கை.

பொக்கெற் 1996 இல் வந்தது. சிறியது, திரை இன்னும் தெளிவு, மெல்லிய ஏஏஏ வகைப் பற்றரி இரண்டு போதும். முதலில் வந்தவற்றில் கருவி இயங்குவதைக் காட்டும் மின்விளக்குப் பொட்டே இல்லை, பிறகுதான் சேர்த்தார்கள். கலர் 1998 இல் வந்தது. அதற்கும் பென் டோர்ச் பற்றரி இரண்டு போதும், பழைய கேசட்டுகளும் ஓடும். உங்கள் இரண்டாவது கருவி கலராக இருக்கட்டும்.

ஒரு சாம்பல்நிறக் கேம் பாயை நான் முதன்முதலில் திறந்த கதையையும் கேளுங்கள். 2010 இன் கடைசியில், மீள்குடியேறி கிளிநொச்சியில் மறுபடி மேசை போட்டிருந்தேன். விசுவமடுவிலிருந்து ஒரு தங்கச்சி பால்மா ரின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். சமாதான காலத்தில் சுவிஸிலிருந்து வந்த மைத்துனர் கொடுத்துவிட்டுப் போனதாம். 2009 தை மாதத்தில் ஊரை விட்டு எழும்பியபோது, பொலித்தீனில் சுற்றி ரின்னுக்குள் போட்டு, மாமரத்தடியில் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது வீட்டில் சுவர் இல்லை, மரம் இருந்திருக்கிறது.

பொலித்தீன் நன்றாகத்தான் காத்திருந்தது. வெளியே ஒரு கீறல் இல்லை. பற்றரி மூடியைத் திறந்தபோதுதான் நெஞ்சு பகீரென்றது. நான்கு பற்றரிகளையும் உள்ளேயே விட்டுப் புதைத்திருந்தார். நான்கும் வெடித்து, வெள்ளைப் பொடி பூத்து, சுருள்கம்பிகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஒரு சுருள் தொட்டதும் உதிர்ந்தது. தேசிக்காய்ச் சாற்றில் பஞ்சுக் குச்சியை நனைத்துத் தொட்டால் பொடி மெல்ல நுரைத்துக் கரையும். அப்படி ஒவ்வொரு வளையமாகத் துடைத்து, ஸ்பிரிட்டால் கழுவிக் காயவைத்தேன். உதிர்ந்த சுருளுக்குப் பதிலாகப் பழைய டோர்ச் லைட் ஒன்றின் சுருளை வெட்டி ஈயம் வைத்தேன். கேசட் அவரிடம் இல்லை. சும்மா சுவிட்சைத் தள்ளினேன். சிவப்புப் பொட்டு எரிந்தது. திரையின் மேலிருந்து ஒரு கறுப்புப் பட்டை மெதுவாக இறங்கி நடுவில் நின்றது.

திரை செத்துவிட்டது என்று நினைத்து அவரிடம் அப்படியே சொல்லிவிட்டேன். அது என் பிழை. அந்த இடத்தில் இறங்கிவர வேண்டிய நின்டெண்டோ என்ற எழுத்து கேசட்டில்தான் பதிந்திருக்கிறது. கருவி அதை வாசித்துக் காட்டுகிறது. கேசட் இல்லாவிட்டால் எழுத்துக்குப் பதிலாகக் கறுப்புப் பட்டைதான் வரும். திரை முழு நலமாக இருந்தது. இதை அறிந்துகொண்டதும் ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டேன். சில மாதங்கள் கழித்து மைத்துனர் தபாலில் ஒரு கேசட் அனுப்பினார். எழுத்து இறங்கி வந்து அந்த இரட்டை மணிச் சத்தம் கேட்டபோது அந்தத் தங்கச்சி விளையாடத் தொடங்கவில்லை. அணைத்து, மறுபடி போட்டு, அந்தச் சத்தத்தையே நாலைந்து தடவை கேட்டார்.

1990-91 வளைகுடாப் போரில் எரிந்து, முகம் உருகிக் கருகிய ஒரு கேம் பாயும் இதே சாம்பல்நிறம்தான். டெட்ரிஸ் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்த நிலையில் அது நியூயோர்க்கில் நின்டெண்டோவின் கடையில் பல வருடங்கள் கண்ணாடிக்குள் இருந்தது. அதன் படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பால்மா ரின்தான் நினைவுக்கு வந்தது.

இனி மாமாவுக்குச் சொல்ல வேண்டியவை. கடையில் பற்றரி மூடியைத் திறந்து சுருள்கம்பிகளைப் பார்க்கட்டும். பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், விட்டுவிட வேண்டியதில்லை. கேசட் போட்டு இயக்கிக் காட்டச் சொல்லட்டும். திரையில் கருகியதுபோலக் கரும்படலம் இருந்தால் அது வெயில் பட்ட மேற்படலம், மாற்றலாம், ஆனால் வேலை கூடும். பின்னால் உள்ள மூன்றுகால் திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ தெரியாதவர் திறந்திருக்கிறார். புதிய ஒளிர்திரையும் புதிய வெளி ஓடும் போட்டுப் பளபளப்பாக விற்பதும் உண்டு. விளையாட அது இன்பம்தான், உங்களுக்கு வேண்டாம். நீங்கள் 2003 இல் பார்த்தது அந்தப் பாசிப்பச்சையை.

எந்த நாட்டுக் கருவி என்ற பிரச்சினை எதுவும் இல்லை. தொலைக்காட்சியில் பொருத்தும் கருவியைக் கனடாவிலிருந்து கொண்டுவந்தால் 120 வோல்ட் மின்சாரம், வேறு ஒளிபரப்பு முறை என்று தலையிடி. கேம் பாய்க்குத் திரை கையோடு இருக்கிறது, எந்த நாட்டுக் கேசட்டும் எந்த நாட்டுக் கருவியிலும் ஓடும். வட அமெரிக்காவில் பெட்டியோடு டெட்ரிஸ் கேசட்டும் வந்தது. கிடைத்தால் அதையும் வாங்கட்டும். அதற்குள் பற்றரியே இல்லை, சாக எதுவும் இல்லை. பயணத்தில் கருவியிலிருந்து பற்றரியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். வந்தபின் நீங்களும் அப்படியே. ஒவ்வொரு முறை விளையாடி முடித்ததும் கழற்றுங்கள்.

கேள்வி: என் கலர் கேசட்டில் விளையாடிச் சேமித்ததெல்லாம் அணைத்ததும் அழிந்துவிடுகிறது. கேசட் பழுதா?
வாசகர், வவுனியா

பதில்: கேசட் நலம். உள்ளே உள்ள நாணயப் பற்றரி தீர்ந்துவிட்டது. சி.ஆர்.1616 அல்லது சி.ஆர்.2025 ஆக இருக்கும். கழற்றிப் பார்த்து அதே எண்ணை வாங்குங்கள். திறக்க 3.8 மில்லிமீற்றர் சிறப்புத் திருப்புளி வேண்டும். தகட்டுக் கால் ஒட்டியே வரும் பற்றரியாக வாங்குங்கள்; வெறும் பற்றரியின் மேல் நேராக ஈயம் வைத்தால் சூட்டில் வெடிக்கக்கூடும்.

கேள்வி: எஸ்பி ஒன்று வாங்கினேன். விற்றவர் இது பிரகாசமான 101 என்கிறார். எப்படி அறிவது?
வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: பிள்ளை, ஒளிப் பொத்தானை அழுத்துங்கள். விளக்கு முழுவதாக அணைந்தால் அது 001, முன்னிருந்து ஒளி விழும் பழைய வகை. அணையாமல் மங்கலுக்கும் பிரகாசத்துக்கும் மாறினால் 101. முதுகுப் பட்டியில் ஏ.ஜி.எஸ்-101 என்றும் இருக்க வேண்டும். பட்டியை மட்டும் நம்ப வேண்டாம், ஓடு மாற்றியிருக்கலாம். 001 ஆக இருந்து 101 இன் விலையை வாங்கியிருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் சாம்பல்நிறக் கேம் பாயின் திரையில் மேலிருந்து கீழாக ஏழெட்டுக் கோடுகள் வெறுமையாக இருக்கின்றன. திரை மாற்ற வேண்டுமா?
வாசகர், மல்லாவி

பதில்: வேண்டாம். திரையின் அடியில் உள்ள மெல்லிய நாடாவின் பசை வயதால் விட்டிருக்கிறது. கருவியைத் திறந்து, அந்த நாடாவின் மேல் உள்ள றப்பர்ப் பட்டையில் சோல்டரிங் அயனை மெதுவாக ஒட்டியும் ஒட்டாமலும் நகர்த்தினால் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். சூடு கூடினால் நாடா கருகும், பிறகு திரும்பாது. குறுக்குக் கோடு என்றால் பக்கத்து நாடா; அதை வீட்டில் தொடவே வேண்டாம். கை பழகாவிட்டால் கிளிநொச்சிக்கு வரும் நாளில் எடுத்து வாருங்கள், பஸ்ஸில் பொதியாக அனுப்ப வேண்டாம். பற்றரி நான்கையும் தனியாகக் கொண்டுவாருங்கள்.