வடிதாளின் மேலும் கீழும்

அன்புள்ள ஐயா,

தாண்டிக்குடியில் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் வைத்திருக்கிறோம். என் மகள் வேதியியலில் உப்பு தயாரிக்கும் பாடத்தை வரிக்கு வரி மனப்பாடம் செய்கிறாள். காப்பர் சல்பேட்டுக்கு அமிலத்தில் ஆக்சைடைப் போட்டு, வடிகட்டி, சுண்டவைக்க வேண்டுமாம். பேரியம் சல்பேட்டுக்கு இரண்டு கரைசல்களைக் கலந்து வடிகட்டினால் போதுமாம். இரண்டும் சல்பேட்தானே, ஏன் இரண்டு வழி? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வடிகட்டும்போது எது தாளில் நிற்கும், எது கீழே இறங்கும் என்று மகளை முதலில் யோசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடத்தில் பாதி குறைந்துவிடும். காப்பர் சல்பேட் நீரில் கரையும், அதனால் கீழே போகும். பேரியம் சல்பேட் கரையாது, தாளிலேயே தங்கும்.

சூடான நீர்த்த கந்தக அமிலத்தில் கறுப்புக் காப்பர் ஆக்சைடை, இனிமேல் கரையாது என்று அடியில் தங்கும்வரை போடுகிறோம். வேண்டுமென்றேதான் அதிகம் போடுகிறோம். அமிலம் மிஞ்சினால் அதை உப்பிலிருந்து பிரிப்பது பெரும்பாடு. ஆக்சைடு மிஞ்சினால் வடிதாள் பிடித்துக்கொள்ளும். இதைச் சொல்லாமல் செய்முறையை மட்டும் எழுதவைத்தால் பிள்ளைகள் உருப்போடாமல் வேறென்ன செய்வார்கள்? சோடியம் குளோரைடு தயாரிக்க இந்த உபாயம் உதவாது. சோடியம் ஹைட்ராக்சைடும் கரையும், அமிலமும் கரையும், எது மிஞ்சினாலும் தாளைத் தாண்டிவிடும். இரண்டும் மிஞ்சாமல் சரியாகக் கலக்கத்தான், சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட் குழாயும், போதும் என்று நிறம் மாறிச் சொல்லும் நிறங்காட்டியும் அங்கே வருகின்றன.

காப்பர் சல்பேட் வடிநீரை முழுக்க வற்றவிடக் கூடாது. கண்ணாடிக் குச்சியில் எடுத்த துளி ஆறும்போது படிகம் கட்டினால் சூட்டை நிறுத்திவிடலாம். அதற்கு மேல் காய்ச்சினால் படிகத்திலுள்ள நீர் போய் நீலம் வெளுத்து வெறும் பொடியாகும். உங்கள் ஊர் மூடுபனியில் படிகம் சீக்கிரம் உலராது. அப்போதும் அடுப்பில் வாட்ட வேண்டாம், வடிதாளால் ஒற்றி எடுத்தால் போதும்.

பேரியம் சல்பேட்டுக்குப் பேரியம் குளோரைடு, சோடியம் சல்பேட் கரைசல்களைக் கலந்து, கரையாமல் படியும் வெள்ளைப் பொருளை (வீழ்படிவை) வடிகட்டிக் கழுவி உலர்த்தினால் வேலை முடிந்தது. பேரியம் கார்பனேட்டைக் கந்தக அமிலத்தில் போட்டால் என்ன என்று மகள் கேட்கலாம். துகளின் மேல் கரையாத சல்பேட் தோல்போல் மூடி, உள்ளே அமிலம் போகவிடாது. (பேரியம் குளோரைடு நஞ்சு. ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தொட வேண்டாம்.)

அப்புறம், காப்பி இலைத் துருநோய்க்கு நீங்கள் அடிக்கும் போர்டோ கலவையிலும் இதே பாடம் இருக்கிறது. அதில் சேரும் மயில்துத்தம் காப்பர் சல்பேட்தான். அதை மட்டும் கரைத்து அடித்தால் இலை கருகும், மழையிலும் கழுவிப் போகும். சுண்ணாம்பு சேர்ந்ததும் காப்பர் கரையாத வடிவத்துக்கு மாறி இலையில் ஒட்டிக்கொள்கிறது. 0.5 சதவீதக் கலவைக்கு 100 லிட்டர் நீரில் துத்தம் அரை கிலோ, சுண்ணாம்பு அரை கிலோ. கலந்த பிறகு பளபளப்பான இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள். கத்தியில் செம்பு படிந்தால் கரைந்த காப்பர் இன்னும் மிச்சமிருக்கிறது, சுண்ணாம்பு போதவில்லை. துத்தத்தை இரும்பு டிரம்மில் கரைக்காமல் பிளாஸ்டிக் டிரம்மில் கரைப்பதும் இதனால்தான்.