வீட்டுக்குள் இருக்கும் செடியின் இலை நுனியில் காலையில் நீர் சொட்டுவது ஏன்?

மணி பிளாண்ட், சேம்பு, தக்காளி வளர்ப்பவர்கள் பலரும் இதைப் பார்த்திருப்பார்கள். இரவில் யாரும் தண்ணீர் தெளித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் விடிந்ததும் இலை நுனியில் ஒரு துளி தொங்கும், கீழே தரையும் நனைந்திருக்கும். இதற்கு 'நீர் வடிதல்' என்று பெயர்.

பகலில் வேர் உறிஞ்சும் நீரில் பெரும்பகுதி இலையின் நுண்துளைகள் வழியாக ஆவியாகிவிடும். இரவில் பெரும்பாலான செடிகளில் அந்தத் துளைகள் மூடிக்கொள்கின்றன. வேர் மட்டும் சும்மா இருப்பதில்லை. அது மண்ணிலிருந்து உப்புகளை உள்ளே இழுக்க, பின்னாலேயே நீரும் நுழைகிறது. உள்ளே அழுத்தம் கூடுகிறது. மாடியில் தொட்டி நிறைந்த பிறகும் மோட்டாரை அணைக்க மறந்தால், மிஞ்சிய நீர் பக்கவாட்டுக் குழாய் வழியாகக் கொட்டுமே, கிட்டத்தட்ட அதே கதைதான். செடிக்கு அந்தக் குழாய், இலையின் நுனியிலும் ஓரத்திலும் உள்ள தனித் துளைகள். இவை மற்றவற்றைப் போல மூடுவதில்லை.

மண் ஈரமாகவும் காற்று புழுக்கமாகவும் இருக்கும் இரவுகளில் இது அதிகம். தினமும் சொட்டினால், அடுத்த முறை மேல்மண் காய்ந்தபின் தண்ணீர் ஊற்றுங்கள், போதும். மற்றபடி இது நோயல்ல.

அப்புறம், இதைப் பனித்துளி என்று பலர் நினைக்கிறார்கள். பனித்துளி காற்றின் ஈரத்திலிருந்து வந்து இலைப்பரப்பில் பரவலாகப் படியும், இதுவோ செடிக்குள்ளிருந்தே வருவது, அதனால்தான் காய்ந்த பிறகு சில சமயம் வெள்ளையாக உப்புத் தடம் தெரிகிறது.