பச்சைப் புள்ளிக்கு வராத கோபம்

கேள்வி: மரபணு மாற்றப்பட்ட உணவால் ஆபத்தில்லை என்று விஞ்ஞானிகளே சொல்கிறார்கள். அப்புறமும் பாக்கெட்டில் லேபிள் கேட்பது வீண் பீதி கிளப்பும் வேலைதானே? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து பிஸ்கட் வாங்குகிறவர்கள், முட்டை விஷம் என்றா பார்க்கிறார்கள்? தெரிந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அந்தப் புள்ளியைப் பீதி என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

சரி, விஞ்ஞானத்துக்கு வருவோம். அனுமதி பெற்று விற்கும் மரபணு மாற்ற உணவால் யாருக்கும் நோய் வந்ததாக நிரூபணம் இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் புற்றுநோய்க் கதைகளை நானும் நம்பவில்லை. ஆபத்தில்லாத சரக்கை ஏன் சொல்லாமல் விற்க வேண்டும்?

‘2010-ல் மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயையே நிறுத்திவிட்டார்களே, இங்கே ஏது?’ என்பீர்கள். பருத்தியை நிறுத்தவில்லையே! 2002-ல் வந்த பி.டி. ரகம், பருத்தி நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கைப் பிடித்துவிட்டது. பஞ்சு மில்லுக்குப் போகிறது, கொட்டை எண்ணெயாகிறது. குஜராத்தில் அது வீட்டுச் சமையல் எண்ணெய். மிக்சர், சிப்ஸ் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். ‘தாவர எண்ணெய்’ என்பதற்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், சிலவற்றில் பருத்தி விதை எண்ணெய் இருக்கும். அர்ஜென்டினாவிலிருந்து கப்பலில் வரும் சோயா எண்ணெயும் மரபணு மாற்றிய வகைதான்.

சுத்திகரித்த எண்ணெயில் மாற்றிய மரபணு சோதனையில் அகப்படுவது கஷ்டம் என்று கம்பெனிகள் சொல்வது உண்மை. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் எண்ணெயைச் சோதிப்பதோடு நிற்காமல், விதை எங்கிருந்து வந்தது என்று கைக்குக் கை காகிதம் கேட்கிறது. சோதனையில் சிக்காத எண்ணெய்க்கும் அங்கே லேபிள் உண்டு.

இங்கேயும் விதிக்குக் குறைவில்லை. 2013 ஜனவரி 1 முதல் பாக்கெட்டின் முகப்பில், மேலேயே, ‘ஜி.எம்.’ (மரபணு மாற்றப்பட்டது) என்று அச்சிட வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது. ஒரு பாக்கெட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா? அப்புறம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்கான விதிகளுக்கு 2021-ல் ஒரு வரைவு விட்டது, 2022-ல் இன்னொன்று.

2018-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், கடையில் வாங்கிய 65 உணவுப் பொருள்களைச் சோதித்தது. 21-ல் மரபணு மாற்றம் இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை அதைப் பற்றி மூச்சு விடவில்லை. சிலவற்றில் ‘ஜி.எம். இல்லை’ என்றே அச்சாகியிருந்தது. சோதனையில் அகப்படாது என்பதால் கம்பெனிகளால் லேபிள் ஒட்ட முடியாதாம். பொய் லேபிள் மட்டும் ஒட்ட முடிந்திருக்கிறது!