அப்பாவை ஏன் நிறுத்தச் சொன்னீர்கள்?

கேள்வி: எனக்கு 48 வயது. சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். இந்த ஜூலையில் எங்கள் ஊர் ரோட்டரி சங்கத் தலைவராகப் பொறுப்பேற்றேன். என் ஆண்டில் சுற்றுச்சூழல் பணிகள் நிறைய நடக்க வேண்டும் என்று ஆசை. உறுப்பினர்கள் 36 பேர். கண் சிகிச்சை முகாம், தையல் மெஷின், நோட்டுப் புத்தகம் என்றால் கேட்டவுடன் பணம் தருகிறார்கள். மரம் நடலாம், ஊருணியைத் தூர்வாரலாம் என்றால் முகம் சுளிக்கிறார்கள். 'இப்பத்தானே இருநூறு கன்று வச்சோம்' என்கிறார்கள். ஜூன் 5 அன்று அரசுப் பள்ளியிலும் கண்மாய்க் கரைச் சாலையிலும் வைத்தோம், அது முந்தைய தலைவரின் திட்டம். என் அப்பா (74) தினமும் காலையில் சைக்கிளில் இரண்டு குடம் கட்டிக்கொண்டு போய் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நாற்பது கன்று தேறும் என்றார். தலைவருடைய அப்பா இப்படிக் குடம் தூக்கிக்கொண்டு போவது பார்க்க நன்றாக இருக்காது என்று போன மாதம் நிறுத்தச் சொல்லிவிட்டேன். அதை விடுங்கள். உறுப்பினர்களை எப்படி ஊக்கப்படுத்துவது? நல்ல பேச்சாளர் யாரையாவது கூப்பிடலாமா? அதிகம் கன்று நடுகிறவருக்குக் கேடயம் கொடுக்கலாமா?

— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: பேச்சாளர் வேண்டாம். கேடயமும் வேண்டாம். 'அதை விடுங்கள்' என்று ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது, வெயில் ஆகாது, முழங்கால் வலி என்று எழுதியிருந்தால் நான் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். நீங்கள் அப்படி எழுதவில்லை. பார்க்க நன்றாக இருக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். யார் பார்க்க? சங்கத்துக்காரர்கள் பார்க்க. அதாவது 36 பேர் உள்ள ஒரு சங்கம் நட்டுவிட்டு மறந்துபோன இருநூறு கன்றுகளை, அந்தச் சங்கத்தில் உறுப்பினராகக்கூட இல்லாத ஒரு பெரியவர், யாரும் கேட்காமல், யாரும் போட்டோ எடுக்காமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து அந்த 36 பேரும் வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கப்பட்டது நீங்கள், அதுவும் அவரை நினைத்து. பெற்றவர் செய்கிற நல்ல காரியம் தனக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற பிள்ளையின் பின்னால் ஊர் எதற்காக வர வேண்டும், சொல்லுங்கள் தம்பி.

இன்னொன்று. நாற்பது தேறும் என்பது அப்பா சொன்ன கணக்கு. நீங்கள் போய் எண்ணவில்லை. போயிருந்தால் 'என்றார்' என்று எழுத மாட்டீர்கள். அவர் நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது, ஆடிக் காற்று அடித்து முடித்திருக்கிறது. இப்போது எத்தனை நிற்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, சங்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது. இந்த நிலையில் புதுத் திட்டத்துக்கு ஊக்கம் கொடுப்பது எப்படி என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

உறுப்பினர்கள் முகம் சுளிப்பதைச் சோம்பல் என்று நினைக்கிறீர்கள். நான் நினைக்கவில்லை. கண் முகாமுக்குப் பணம் கொடுத்தவர், கட்டுப் பிரித்த பாட்டி பேரன் முகத்தைத் தடவித் தடவிப் பார்ப்பதை நேரில் பார்க்கிறார். தையல் மெஷின் வாங்கிக் கொடுத்த வீட்டு வாசலில் இரண்டு மாதத்தில் 'இங்கு பிளவுஸ் தைத்துத் தரப்படும்' என்று அட்டை தொங்குகிறது. ஆனால் கன்று? அதே கண்மாய்க் கரைச் சாலையில்தான் அவர் தினமும் கடைக்குப் போகிறார். குச்சி காய்ந்து, கட்டின கயிறு மட்டும் மூங்கிலில் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் போகிறார். அவருக்கு அறிவு இருக்கிறது. மறுபடி இருநூறு என்றால் முகம் சுளிக்காமல் என்ன செய்வார்?

இதை எத்தனையோ சங்கங்களில் பார்த்துவிட்டேன், எல்லா இடத்திலும் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம், அன்று நட்டால் பேப்பரில் வரும். நம் பக்கம் கத்திரி வெயில் முடிந்து பத்து நாள்கூட ஆகாத நேரம் அது. சிவகங்கைச் சீமையில் கண்மாயை நிரப்புகிற மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகிழக்குப் பருவமழை. நான்கு மாதம் கழித்து வரப்போகிற மழையை நம்பி ஒரு சாண் கன்றை வறண்ட மண்ணில் வைத்துவிட்டு வருகிறோம். அப்புறம், உங்கள் சங்கத்து ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. ஜூன் 5-ல் நட்ட தலைவர் இருபத்தைந்தாம் நாள் மாஜி ஆகிவிடுகிறார். புதிதாக வந்தவர் 'அது முந்தைய தலைவரின் திட்டம்' என்கிறார், நீங்கள் எழுதியிருக்கிற மாதிரியே. இப்படி அந்தக் கன்று யாருக்கும் சொந்தமில்லாமல் போகிறது. ஒரு வேம்போ புங்கனோ தானாக நிற்க இரண்டு கோடையாவது தாண்ட வேண்டும், சங்கத் தலைவர் பதவி ஒரு கோடையோடு முடிந்துவிடும்.

'முந்தைய தலைவரின் திட்டம்' என்று நீங்கள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன். ஜூன் 5 அன்று நீங்களும் அங்கேதான் நின்றிருப்பீர்கள். 'வைத்தோம்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். வைக்கும்போது 'நாம்', காயும்போது 'அவர்' என்றால் எப்படி? குடும்பத்தில் அண்ணன் வாங்கின கடனை, அண்ணன் கடன் என்று தம்பி கைகழுவினால் நாம் என்ன பேசுவோமோ அதையேதான் இதற்கும் பேசுவேன்.

ஒரு வருடத்தில் முடியாத வேலை உங்கள் அமைப்புக்குப் பழக்கம் இல்லாததா? போலியோ பிளஸ் திட்டத்தை ரோட்டரி 1985-ல் தொடங்கியது. இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி, மேற்கு வங்கத்து ஒரு குழந்தை, 2011 ஜனவரியில். நம் நாட்டோடு சேர்த்துத் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்துக்கே போலியோ இல்லை என்ற சான்று 2014 மார்ச்சில் வந்தது. இவ்வளவு வருடத்தில் ரோட்டரியின் உலகத் தலைவர் ஆண்டுதோறும் மாறினார், மாவட்ட ஆளுநர் மாறினார், ஊர்த் தலைவர் மாறினார். 'அது போன தலைவர் ஆரம்பித்த சொட்டு மருந்து' என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் சங்கத்து மூத்த உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டில் குளிர்பெட்டியோடு உட்கார்ந்திருந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களிடம் போய் மரத்தைப் பற்றி வகுப்பு எடுக்காதீர்கள். இதையும் அந்த மாதிரி செய்வோம் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

சுற்றுச்சூழலும் அவர்களுக்குப் புதிது இல்லை. 1990-91-ல் உலகத் தலைவராக இருந்த பிரேசில்காரர் பாலோ கோஸ்டா பூமியைப் பாதுகாப்பதையே தன் ஆண்டின் பெரிய திட்டமாக வைத்தார். 2020-ல் சுற்றுச்சூழலை ரோட்டரி தன் ஏழாவது முக்கியப் பணித்துறையாகச் சேர்த்தது, 2021 ஜூலையிலிருந்து அதற்கு மானியமும் கேட்கலாம். இதெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கும்.

சரி, என்ன செய்வது? நாளைக் காலை அப்பாவோடு போங்கள். மன்னிப்பு என்ற சொல் நம் வீடுகளில் அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே சுலபத்தில் வராது. வராவிட்டால் போகட்டும், குடத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரட்டும். எந்தக் கன்றுக்கு எந்தப் பக்கம் வேர் தெரிகிறது, எதை ஆடு கடித்தது, எது பிழைக்காது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும், கேட்டுக்கொள்ளுங்கள். போட்டோகிராபரைக் கூட்டிப்போனால் இந்தப் பதிலை நீங்கள் படிக்கவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். ஒரு வாரமாவது தொடர்ந்து போங்கள். கண்மாய்க் கரைச் சாலை ஊர் முழுக்கப் போகிற சாலை, தலைவர் குடத்தோடு நிற்பதை உறுப்பினர்கள் பார்ப்பார்கள், வண்டியை நிறுத்தி என்ன ஏது என்று கேட்பார்கள். நீங்கள் தேடுகிற ஊக்கம் அந்தக் கேள்வியில்தான் தொடங்கும், மைக் பிடித்து வராது.

நிற்கிற கன்றுகள் தேறும்வரை புதிதாக ஒன்றும் அறிவிக்க வேண்டாம். நாற்பதோ முப்பதோ, ஆளுக்கு ஒன்று பிரித்துக் கொடுங்கள். பெயர்ப்பலகை வைக்காதீர்கள், நோட்டில் பெயர் இருந்தால் போதும். காய்ந்த குழிகளைப் புரட்டாசியில் மறுபடி வெட்டி எருவும் வண்டலும் போட்டு, முதல் மழை மண்ணை நனைத்ததும் ஆள் உயரக் கன்றாகப் பார்த்து வையுங்கள். கரையோரத்துக்குப் பூவரசம் போத்து (வெட்டி நடுகிற கிளை), இலுப்பை, நீர்மருது. பள்ளிக்கு வேம்பும் புங்கனும். கூண்டுக்குக் காசு இல்லையென்றால் சுற்றிலும் கருவேல முள் கட்டுங்கள், ஆடு அண்டாது. பள்ளிக்கூடக் கன்றுகள் பெரும்பாலும் சாவது மே மாத விடுமுறையில்தான். கேட் பூட்டிக் கிடக்கும், உள்ளே குழாய் இருந்தும் ஊற்ற ஆள் இருக்காது. மார்ச்சிலேயே தலைமை ஆசிரியரிடம் பேசிச் சாவி யாரிடம் இருக்கும் என்று முடிவு செய்துவிடுங்கள்.

உங்கள் மனைவிமாரையும் பிள்ளைகளையும் சங்கத்தில் ஆன்ஸ், ஆனட்ஸ் என்று சேர்த்து வைத்திருக்கிறீர்கள். ஃபெலோஷிப் விருந்துக்கும் பாட்டுப் போட்டிக்கும்தான் கூப்பிடுகிறீர்கள். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் குடும்பத்தோடு அந்தக் கன்றுகளுக்கு வரச் சொல்லுங்கள். தாத்தா பாட்டிகளையும். அப்பா அம்மாவை வீட்டில் உட்கார வைத்துவிட்டு வெளியே போய்ச் செய்கிற சேவையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பிள்ளைகள் அதைப் பார்த்து வேறொன்றைக் கற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்த தலைவர் இப்போதே உங்கள் போர்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறார், அதற்கு அடுத்து வரப்போகிறவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களோடு மூன்று பேர், மூன்று வருடம். மூவரும் கையெழுத்துப் போடாத எந்தச் சுற்றுச்சூழல் வேலையும் சங்கத்தின் வேலை இல்லை என்று தீர்மானம் போடுங்கள். முந்தைய தலைவரை வீட்டுக்கே போய் அழைத்து இதன் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். நட்டது அவர்தானே, அவருக்கும் மனம் உறுத்திக்கொண்டிருக்கும்.

ஊருணி அதற்குப் பிறகு. அது நல்ல ஆசை, செய்ய வேண்டிய வேலை. ஆனால் ஜேசிபி வாடகை பேசுவதற்கு முன், ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலைப் பாருங்கள். ஊருணியைத் தோண்டிக் கரை கட்டிக் கல் பதித்துப் பெயர் எழுதியும் சொட்டுத் தண்ணீர் வராமல் கிடக்கிற இடங்கள் நம் மாவட்டங்களில் எவ்வளவோ. வாய்க்கால் அடைபட்டிருந்தால் பள்ளம் மட்டும்தான் மிஞ்சும். ஆழம் கண்டால் பெருமை என்று இஷ்டத்துக்குத் தோண்டவும் கூடாது, அடியில் உள்ள களிமண் உடைந்தால் நின்ற தண்ணீரும் இறங்கிவிடும். உள்ளே மண்டின சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும், தரையோடு வெட்டினால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காகத் துளிர்க்கும்.

வரத்துக்கால் எங்கிருந்து எப்படி வந்தது என்று உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரிய வாய்ப்பு குறைவு. அப்பாவுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் தெரியும். அவர்களை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் நடங்கள். நடக்கும்போது ஒன்று நடக்கும், இப்போதே சொல்லிவைக்கிறேன். வாய்க்கால் ஏதோ ஒரு இடத்தில் காம்பவுண்டு சுவருக்குள் போய் மறையும். அந்தச் சுவர் உங்கள் உறுப்பினர் ஒருவருடைய கல்யாண மண்டபமாக இருக்கலாம், உங்கள் கடை குடோனாகவே இருக்கலாம். மற்றவருடையது என்றால் மீட்டிங்கில் பேசாதீர்கள், வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள், சுவருக்கு அடியில் குழாய் போட்டுத் தண்ணீரைக் கடத்த வழி இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுடையது என்றால் முதலில் அதை இடியுங்கள். இதைச் செய்ய மனம் இல்லையென்றால் ஊருணிப் பேச்சை இப்போதே விட்டுவிட்டு நோட்டுப் புத்தகமே கொடுங்கள், அதுவும் நல்ல காரியம்தான்.

அனுமதி இல்லாமல் மண்ணில் கை வைக்கக் கூடாது. ஊருணி நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ ஊராட்சிக்கோ உட்பட்டதாக இருக்கும், கண்மாய் என்றால் ஆயக்கட்டு, அதாவது அதன் பாசனப் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை. முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் வரைபடத்தைப் பார்த்து, வரத்துக்கால் எந்தெந்த சர்வே எண் வழியாக வருகிறது என்று வரிசையாகக் குறித்துக்கொண்டு, அப்பா நடந்து காட்டிய வழியோடு ஒப்பிட்டு, அந்த எண்களைப் போட்டு மனு எழுதுங்கள். வெறுமனே 'ஊருணியைத் தூர்வார அனுமதி தேவை' என்று எழுதினால் அந்தக் காகிதம் மேசையை விட்டு நகராது.