மான் வாய்க்கு எட்டும் உயரம்

வணக்கம்.

ஒரே இன மரங்களை நட்ட தோப்பைவிடப் பல இனங்கள் கலந்த காடு நன்றாக வளரும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதன்பின் நானும் தேடிப் படித்தேன், குழப்பம்தான் மிச்சம். பருவநிலை மாற்றத்தால் மரங்கள் முன்பைவிட வேகமாக வளர்கின்றன என்கிறது ஓர் ஆய்வு. வறட்சியால் காடுகள் செத்துக்கொண்டிருக்கின்றன என்கிறது இன்னொன்று. இதெல்லாம் இரண்டாம்பட்சம், மான்களைக் குறைத்து வேலி போட்டால் காடு தானாக வளரும் என்கிறார் வனவியல் படித்த நண்பர். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாய்களை விட்டதும் காடு மீண்டதே என்று அதை உதாரணமாகவும் காட்டுகிறார். பருவநிலை, பராமரிப்பு, மேய்ச்சல் இந்த மூன்றில் எது முக்கியம்?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் படித்த மூன்றும் சரிதான். ஆனால் அவை வேறு வேறு வயது மரங்களைப் பற்றிச் சொல்கின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வேகமாக வளர்கின்றன என்று நீங்கள் படித்தது மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் பிரெட்ஸ் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வாக இருக்கும் என நினைக்கிறேன். மத்திய ஐரோப்பாவில் 1870 முதல் தொடர்ந்து அளந்துவரும் சோதனைத் திடல்கள் இருக்கின்றன. அந்தக் கணக்கின்படி 1960-ஐ ஒப்பிட ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் 32 சதவீதமும் பீச் என்ற அகன்ற இலை மரம் 77 சதவீதமும் கூடுதல் வேகத்தில் வளர்கின்றன. வெப்பம் கூடியது, வளரும் பருவம் நீண்டது ஆகியவை முக்கியக் காரணங்கள். காற்றில் கூடிய கரியமில வாயுவுக்கும் நைட்ரஜன் சேர்மங்களுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் அதே குழு 2018-ல் இன்னொன்றையும் சொன்னது: 1900-லிருந்து பார்த்தால் மரக்கட்டையின் அடர்த்தி 8 முதல் 12 சதவீதம் குறைந்திருக்கிறது. மரம் சீக்கிரம் பருக்கிறது, ஆனால் கட்டை முன்புபோல் கெட்டியாக இல்லை.

அதே 2018-ல்தான் பெரும் வறட்சியும் வந்தது. வேர் ஆழமாக இறங்காத ஸ்ப்ரூஸ் முதலில் தளர்ந்தது. தண்ணீர் இல்லாத மரத்தால் பிசின் சுரந்து, மரப்பட்டையைத் துளைத்து நுழையும் பட்டை வண்டைத் தடுக்க முடியாது. ஜெர்மனியில் மட்டும் 2018 தொடங்கி 2021 ஏப்ரல் வரை ஏறத்தாழ 5 லட்சம் ஹெக்டேர் காடு போயிற்று. சராசரியாக வேகமாக வளர்வதும் ஒரு மோசமான ஆண்டில் கொத்தாகச் சாவதும் ஒரே காட்டில் அடுத்தடுத்து நடக்கக்கூடியவை. இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

அப்புறம், மான். ஐரோப்பாவில் மரத்தின் விட்டத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பது வழக்கம். நின்றபடி நாடாவைச் சுற்ற வசதியான உயரம், அவ்வளவுதான். ஆனால் அங்குள்ள ரோ மான் என்ற சிறிய மானின் வாய் எட்டுவதும் கிட்டத்தட்ட அந்த உயரம் வரைக்கும்தான். அதனால் மான் வாயிலிருந்து தப்பிய மரம்தான் வளர்ச்சிக் கணக்கில் ஏறுகிறது. தப்பாதது பிறந்ததே ஏட்டில் இல்லை. எனக்கு இது சாதாரண விஷயமாகத் தோன்றவில்லை. வளர்ச்சி எவ்வளவு என்று நாம் கேட்கும்போதெல்லாம், யார் வளர விடப்பட்டார்கள் என்ற கேள்வி முன்பே தீர்ந்து போயிருக்கிறது.

ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் கன்று ஒன்றின் அருகில் உட்கார்ந்து பார்த்தால் இது விளங்கும். ஃபிர் ஆண்டுக்கு ஓர் அடுக்குக் கிளை விடும், அந்த அடுக்குகளை எண்ணினால் வயது தெரியும். முழங்கால் உயரமே உள்ள கன்றுக்கு 15, 20 வயது இருக்கும். தண்டில் ஆங்காங்கே கோணல். ஒவ்வொரு கோணலும் நுனி மொட்டை ஏதோ ஒன்று தின்றுபோன இடம். நுனி போனால் பக்கக் கிளை ஒன்று மெல்ல நிமிர்ந்து அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும், அதற்குள் காலம் போய்விடும். தின்றது யார் என்றுகூடச் சொல்லலாம். மானுக்கு மேல்வாயில் முன்பற்கள் கிடையாது. கடித்து இழுக்கும், வெட்டுவாய் நார்நாராய்க் கிழிந்திருக்கும். முயல் கடித்திருந்தால் கத்தியால் சீவியதுபோலச் சாய்வாக இருக்கும்.

கலப்புக் காட்டில் இதன் விளைவு வேறு மாதிரியானது. மான் எல்லாக் கன்றையும் சமமாகத் தின்பதில்லை. ஃபிர், ஓக் கன்றுகளைத் தேடித் தின்னும். பீச்சை அவ்வளவாக விரும்பாது, ஸ்ப்ரூஸ் ஊசிகளை இன்னும் குறைவாகத்தான் சீண்டும். விதைத்தபோது நான்கு இனமாக இருந்த காடு, இடுப்பு உயரத்தைத் தாண்டும்போது இரண்டாகிவிடுகிறது. மிஞ்சுவதில் ஒன்று வறட்சியில் முதலில் சாகும் ஸ்ப்ரூஸ். விட்டுப்போனவற்றில் ஒன்று ஆழமாக வேர்விட்டு வறட்சியைத் தாங்கக்கூடிய ஃபிர். 2018 வறட்சியில் எவை நிற்கும், எவை சாகும் என்பதில் பாதியைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மான்கள் முடிவு செய்துவிட்டிருந்தன என்பதே என் கணிப்பு.

பருவநிலையும் சும்மா இருப்பதில்லை. பனிக்காலம் கடுமை குறைந்தால் குட்டிகள் அதிகம் பிழைக்கும், மான் பெருகும். இன்னொரு பக்கம், சூடு கூடிய இடத்தில் பிர்ச் போன்ற வேகமான கன்று மான் எட்டும் உயரத்தைச் சீக்கிரம் தாண்டிவிடவும் முடியும். நிழலில் மெதுவாக வளரும் இனத்துக்கு அந்த வசதி இல்லை.

பராமரிப்பு இங்கேதான் வருகிறது. வனக்காரர் கையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு: ஒன்று வெளிச்சம், மற்றொன்று மான் எண்ணிக்கை. நெருக்கமாக நிற்கும் மரங்களில் சிலவற்றை வெட்டிக் கலைத்தால் மிச்ச மரங்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கூடுதல் தண்ணீர் கிடைக்கும், தரையில் வெளிச்சம் விழும், கன்று முளைக்கும். சரி, ஆனால் அதே வெளிச்சத்தில் முட்புதரும் புல்லும் தழைக்கும். மானுக்கு விருந்து. எத்தனை மானை வேட்டையாடுவது என்ற கணக்கைத் தொடாமல் மரத்தை மட்டும் கலைத்துவிட்டு, கன்று வரவில்லையே என்று கைபிசைவது காட்டுப் பராமரிப்பில் அடிக்கடி நடக்கும் கூத்து.

வேலி விஷயத்தில் உங்கள் நண்பரோடு பாதிவரை உடன்படுகிறேன். வேலிக்கு உள்ளே ஒரு திடல், வெளியே ஒரு திடல் என்று வைத்துப் பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணிலேயே தெரியும். ஆனால் காலம் முழுக்க அடைத்து வைத்தால் வேறு சிக்கல் வரும். ஸ்காட்லாந்தின் பழைய பைன் காடுகளில் மேய்ச்சலை முற்றிலும் நிறுத்திய இடங்களில் ஹீதர் புதர் மண்டி, விதைக்கு வெறும் மண்ணே கிடைக்காமல் போவதுண்டு. காப்பர்கெய்லி என்ற பெரிய காட்டுக்கோழி அந்த வேலிகளில் மோதிச் சாவதும் அங்கே பழைய புகார். அளவான மேய்ச்சல் உதவும் இடங்களும் இருக்கின்றன. மாடு முதன்மையாகப் புல் மேய்வது. அதன் குளம்பு புல்மெத்தையைக் கிழித்து மண்ணைத் திறந்துவிடும், பிர்ச்சும் பைனும் அங்கே முளைக்கும். ஆடு அப்படி இல்லை, குருத்தைத் தேடி வரும். மேய்ச்சல் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் எனக்குப் பதில் இல்லை. எந்த விலங்கு, எத்தனை, எந்த மாதம் என்று கேட்டால் பேசலாம்.

யெல்லோஸ்டோனுக்கு வருகிறேன். ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஓநாய் இல்லாமல் இருந்த அங்கே 1995, 1996-ல் அவற்றைக் கொண்டுவந்து விட்டார்கள். எல்க் மான்கள் குறைந்தன, சில ஓடையோரங்களில் வில்லோ என்ற புதர்மரம் உயர்ந்தது. உண்மைதான். எல்க் குறைந்ததில் மனித வேட்டைக்கும் கரடிக்கும் பங்குண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வேறு சில ஓடைகளில் வில்லோ குட்டையாகவே நின்றுவிட்டது. எல்க்குகள் வில்லோவைத் தின்று தீர்த்ததில் ஓடையில் அணை கட்டி வாழும் பீவர் என்ற விலங்குகள் உணவில்லாமல் போயிருந்தன. பீவர் அணை இல்லாமல் ஓடை ஆழமாக அரித்துக்கொண்டு இறங்க, நிலத்தடி நீரும் கூடவே இறங்கிவிட்டது. 2001-ல் அங்கே ஒரு சோதனை தொடங்கினார்கள். சில திடல்களுக்கு வேலி மட்டும், சிலவற்றுக்குப் பீவர் அணை மாதிரியில் செயற்கை அணை மட்டும், சிலவற்றுக்கு இரண்டும், சிலவற்றுக்கு எதுவும் இல்லை. வில்லோ நன்றாக ஓங்கி வளர்ந்தது வேலியும் தண்ணீரும் சேர்ந்து கிடைத்த திடல்களில்தான். உங்கள் நண்பர் இந்தச் சோதனையைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.