தேத்தண்ணி ஆறுவது யார் அறியாமையால்?

கேள்வி: ஐயா, என்ட்ரோபி என்பது நம் அறியாமையின் அளவு என்று படித்தேன். அப்படியானால் எனக்குத் தெரியாததால்தான் மேசையில் வைத்த தேத்தண்ணி ஆறுகிறதா? – ஆறாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: இல்லை. ஆளில்லாத வீட்டிலும் தேத்தண்ணி ஆறும். மூலக்கூறுகள் மோதிக்கொள்ள நம் அனுமதி தேவையில்லை. வெளியே ஒரேமாதிரி தெரியும் நிலைக்குள் மூலக்கூறுகள் எத்தனை விதமாக இருக்கலாம் என்பதன் அளவே என்ட்ரோபி. ஆனால் தேத்தண்ணிக்கு எவ்வளவு என்ட்ரோபி என்று நாம் போடும் கணக்கில், நமக்குத் தெரிந்ததற்கும் தெரியாததற்கும் பங்கு உண்டு.

1948-ல் ஷேனன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் தகவலுக்கு ஓர் அளவு சொன்னார். பார்த்தால், அதற்கு முன்பே இயற்பியலாளர் கிப்ஸ் எழுதிய என்ட்ரோபியின் வடிவமேதான். 1957-ல் ஜெய்ன்ஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அங்கிருந்து தொடங்கினார். தெரிந்ததை விடாதே, தெரியாததைத் தெரிந்ததுபோல் சேர்க்காதே. அப்படிக் கணக்குப் போட்டாலே வெப்ப இயற்பியலின் சூத்திரங்கள் வந்துவிடும் என்றார்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கெழுதுகிறவர். பால் மரம் வெட்டுகிறவர் கொண்டுவந்த பாலின் மொத்த எடை அவர் புத்தகத்தில் ஏறும். எந்த மரம் எவ்வளவு தந்தது என்பது ஏறாது. கேட்டால் சமமாகத்தான் வகுத்துச் சொல்ல முடியும். ஆற்றோர மரங்கள் கூடுதலாகச் சுரக்கும் என்று வெட்டுகிறவர் சொன்னால் கணக்கு மாறும். மரத்தில் கட்டிய மங்கில் இருந்த பால் மாறாது.

என்ட்ரோபிக் கணக்கும் இப்படித்தான். இதை வெறும் மனப்போக்கு என்று ஒதுக்குகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே விவரம் கையில் உள்ள இருவருக்கு ஒரே எண்தான் வரும்.

சரி, விவரம் வேறுபட்டால்? நியானைப் பாருங்கள். 1898-ல் ராம்சேயும் டிராவர்ஸும் கண்டபோது அது ஒரே வாயு. 1913 வாக்கில் ஜே. ஜே. தாம்சன் அதில் எடை 20, எடை 22 என இரண்டு வகை (ஐசோடோப்பு) இருப்பதைக் காட்டினார். ஒரு பெட்டியில் இந்தப் பக்கம் அரை மோல் நியான்-20, அந்தப் பக்கம் அரை மோல் நியான்-22, ஒரே அழுத்தம், நடுவே ஒரு தடுப்பு. தடுப்பை எடுத்துவிட்டால், வகை அறியாதவர் ஒன்றும் மாறவில்லை என்பார். அறிந்தவர் என்ட்ரோபி கூடிவிட்டது என்பார். இருவர் சொல்வதும் சரி. ஒரு வகையை மட்டும் விடும் சவ்வு ஒன்று இருந்தால், 27 டிகிரியில் அந்தக் கலப்பிலிருந்து அதிகபட்சம் சுமார் 1,700 ஜூல் வேலை வாங்கலாம். சவ்வு இல்லாதவருக்கு ஒரு ஜூலும் கிடைக்காது. அவர் கணக்கும் அதையேதான் சொல்கிறது.

இன்றும் வேதியியல் அட்டவணைகளில் உள்ள என்ட்ரோபி எண்களில் ஐசோடோப்புக் கலப்பைச் சேர்ப்பதில்லை. சாதாரண வேதிவினைகளில் அந்த வகைகள் அநேகமாகப் பிரிவதில்லை, அதனால் அங்கே அது தேவைப்படுவதும் இல்லை.