ஜட்ஜ் ஆக்கறதுக்காக வீட்டுப் பத்திரத்த அடகு வைக்காதீங்க அக்கா

கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து ஒரு அக்கா ப்ளஸ் டூ படிக்கற பொண்ண கூட்டிட்டு வந்தாங்க. சென்னையில இருக்கற பெரியப்பா சொல்லிட்டாராம், பேர் போன ப்ரைவேட் யுனிவர்சிட்டில அஞ்சு வருஷ லா சேத்துடுங்க, முடிச்ச கையோட எக்ஸாம் எழுதி ஜட்ஜ் ஆயிடுவான்னு. அதுக்காக வீட்டுப் பத்திரத்த பேங்க்ல வைக்கலாமான்னு கேக்கறாங்க, கண்ணுல தூக்கமே இல்ல. எல்லாம் நல்லபடியா நடக்கும்னு சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரல.

அக்கா, அந்த முடிச்ச கையோட ஜட்ஜ் கதையெல்லாம் இப்ப கிடையாது. 2025 மே 20ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புப்படி, சிவில் ஜட்ஜ் எக்ஸாம் எழுத குறைஞ்சது மூணு வருஷம் வக்கீலா ப்ராக்டீஸ் பண்ணியிருக்கணும். அந்த மூணு வருஷம் வருமானம்? ஜூனியருங்களுக்கு சென்னை, மதுரை, கோயம்புத்தூர்ல மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000 குடுக்கணும்னு மெட்ராஸ் ஹைகோர்ட் 2024ல சொல்லியிருக்கு. கடலூர்ல அந்த 15,000 முழுசா கைக்கு வந்தாலும் லோன் ட்யூ கட்டுவாளா, சாப்பிடுவாளா? பெரியப்பா கட்டுவாரான்னு கேட்டுப் பாருங்க.

அதவிட முக்கியம், பொண்ணு என்கிட்ட ஜட்ஜ பத்தி ஒரு வார்த்த கேக்கல. "சார், போன்ல டெலீட் பண்ண மெசேஜ எடுத்துக் குடுத்தா அத கோர்ட் எப்படி நம்பும்?"னுதான் கேட்டா. அவ மனசு எங்க இருக்குன்னு அதுலயே தெரியுதே.

போன், கம்ப்யூட்டர்லேர்ந்து கோர்ட் நம்பற மாதிரி சாட்சியம் எடுக்கற வேலை அது, அதுக்குப் பேர் சைபர் ஃபாரன்சிக்ஸ், நம்ம ஊர்ல யாரும் பேசறதே இல்ல. மகாராஷ்டிரா எலெக்‌ஷன் கேஸ் ஒண்ணுல, காப்பி எடுத்த வீடியோவ சாட்சியமா காட்டணும்னா, அத எப்படி எடுத்தாங்கன்னு உறுதி சொல்ற சர்டிஃபிகேட் கட்டாயம்னு 2020ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குடுத்துச்சு. 2024 ஜூலை 1லேர்ந்து வந்த புது சாட்சியச் சட்டத்துல 63வது பிரிவு அந்த சர்டிஃபிகேட்ட ரெண்டு பாகமா பிரிச்சிடுச்சு, முதல் பாகம் ஃபைல தாக்கல் பண்றவர் போடணும், ரெண்டாவது பாகத்துல எக்ஸ்பர்ட் கையெழுத்து. அதோட ஹாஷ் வேல்யூவும் எழுதணும். ஹாஷ்னா ஃபைலோட கைரேகை மாதிரி, உள்ள ஒரு கமா மாத்துனாலும் மொத்த நம்பரும் மாறிடும், யாரோ கை வெச்சிருக்காங்கன்னு காட்டிக் குடுத்துடும். போன கைப்பத்துனா சிக்னல் போகாத ஃபாரடே பையில போடணும், இல்லாட்டி எவனாவது தூரத்துலேர்ந்தே அழிச்சிடுவான், கம்ப்யூட்டர் டிஸ்க்னா அதுல ஒண்ணும் எழுதிடாம தடுக்கற ரைட் பிளாக்கர் கருவிய மாட்டி காப்பி எடுத்து, ஒரிஜினல தொடாம அந்த காப்பிலதான் வேலை பாக்கணும். இத சொல்லச் சொல்ல பொண்ணு நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தா. இன்னொண்ணு, ஏழு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள குத்தம்னா ஃபாரன்சிக் ஆள் ஸ்பாட்டுக்கே போகணும்னு புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்லுது, மாநிலங்களுக்கு அஞ்சு வருஷம் டைம். ஆள் தேவை கூடத்தான் போகுது.

படிப்பு? கடலூர் பெரியார் அரசு காலேஜ்ல பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ், வீட்டுலேர்ந்தே போயிட்டு வரலாம். அரசு ஸ்கூல்ல ஆறாவதுலேர்ந்து படிச்சவ, புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 வேற வரும். அப்புறம் எம்.எஸ்சி சைபர் ஃபாரன்சிக்ஸ், மெட்ராஸ் யுனிவர்சிட்டியும் பாருங்க, குஜராத் காந்திநகர்ல இருக்கற தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகமும் பாருங்க. பேங்க், ஆடிட் கம்பெனிலயெல்லாம் மோசடி விசாரணைக்கு இந்த ஆளுங்கதான். அரசு தடய அறிவியல் லேப் விழுப்புரத்துலயே இருக்கு, ஆனா அந்த போஸ்ட் டிஎன்பிஎஸ்சி வழியா வருது, நினைச்சப்பல்லாம் வராது, எந்தப் பிரிவுக்கு எந்த டிகிரின்னு நோட்டிஃபிகேஷன நல்லா படிச்சுட்டுதான் எம்.எஸ்சியே முடிவு பண்ணணும்.

பின்னால அவளுக்கே லா ஆசை வந்தா டிகிரிக்கு மேல மூணு வருஷ எல்.எல்.பி இருக்கு, விழுப்புரத்துலயே அரசு லா காலேஜ் இருக்கு. ஜட்ஜ் கதவும் மூடல.

பெரியப்பாகிட்ட பேச கூச்சமா இருந்தா என் நம்பரக் குடுங்க, நான் பேசறேன். அந்த யுனிவர்சிட்டிக்கு சீட் புக்கிங்னு ஒத்த ரூபா கட்டிடாதீங்க.